ஏழு நாள் தண்ணீர்

ஸ்டைன்வோக்,
ஜனவரி 15

அன்புள்ள இங்வில்லுக்கு,

தூருன் எழுதுகிறேன். நேற்று உன்னைத் தன் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உன் அண்ணன் ஸ்வெர்ரெயுடன் போனில் பேசினேன். நீ ஒரே மூச்சில் ஒன்பது மணி நேரம் தூங்கினாய் என்றும், எழுந்து இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாய் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். நீ வேலைச் சோர்வில் கார் நிறுத்துமிடத்தில் விழுந்த நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சற்று நகர்ந்து கொடுத்தது போலிருந்தது.

உனக்குப் போனும் கணினியும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா ஆஸ்பத்திரி வேலையப் பத்தி ஒரு வரி இருந்தாலும் அடுப்புல போட்டுருவேன்" என்றார் உன் அண்ணன். சரி என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அடுப்பில் போகும் முன் படித்துவிடு.

உன் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வேறு யார் மூலமாவது உன் காதுக்கு எட்டுவதை விட நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டயாலிசிஸ் பிரிவைப் பழைய கட்டடத்திலிருந்து துறைமுகத்தருகே உள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்றும் பொறுப்பு இனி என் தலையில். இயக்குநர் ஆஸ்பியோர்ன் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ ஆரம்பத்துலேர்ந்து குழுவுல இருக்க. சாமான் வாங்கற பிரிவுல பதினாலு வருஷம் இருந்திருக்க. பட்டியல் போடத் தெரியும்ல? திட்டம்னா என்ன, பட்டியல்தானே!" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் தலையாட்டினேன்.

பெர்கனில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிவப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் பலகையில் முக்கோணம் வரைந்தார். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் பணம். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்காது என்றார். இது எனக்கே தெரியுமே என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, "உங்க திட்டம் முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார். கட்டடம் திறந்ததும் என்றேன். "திறந்தாச்சு. உள்ள ஒரு நோயாளிகூட இல்ல. அப்ப முடிஞ்சிருச்சா?" என்றார். 

திரும்பும் படகில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதினேன். நம் நோயாளிகள் இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் ஒருமுறைகூடத் தவறாமல், பழைய இடத்தில் இருந்த அதே பாதுகாப்போடு புது இடத்தில் சிகிச்சை தொடர வேண்டும். ஊருக்கு வந்து உன் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்தில் அதே வாக்கியம், என்னுடையதை விடச் சிறியதாக. வெட்கமாகவும் இருந்தது, தைரியமாகவும் இருந்தது.

இனி உன் அறைச் சுவரைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதே. வேலைக்கு ஒன்றாக நீ ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகள் எனக்கு ஒரே அலங்கோலமாகத் தெரிந்தன. அரை நாள் செலவிட்டு ஒழுங்குபடுத்தினேன். குழாய் வேலை எல்லாம் ஒரு பக்கம், மின்சாரம் ஒரு பக்கம், செவிலியர் வேலை ஒரு பக்கம். கடை அலமாரி மாதிரி அழகாக இருந்தது. அப்போது தலைமைச் செவிலி போடில் உள்ளே வந்து, "எங்க ஆளுங்களுக்குப் புது இடத்துல எப்பப் பயிற்சி ஆரம்பிக்கலாம்?" என்றாள். யார் எதை முடித்தால் அவர்கள் ஆரம்பிக்க முடியும் என்று சுவரைப் பார்த்தேன். என் அழகான சுவரில் அதற்குப் பதிலே இல்லை. நல்லவேளை, கலைப்பதற்கு முன் படம் எடுத்து வைத்திருந்தேன். அத்தனையையும் உன் வரிசையிலேயே திரும்ப ஒட்டினேன். எதற்குப் பின் எது என்பதுதான் அந்தச் சுவர் என்று இப்போது புரிகிறது.

ஒரே ஒரு சீட்டுதான் புரியவில்லை. அதில் "ஏழு" என்று மட்டும் எழுதி மூன்று முறை அடிக்கோடு போட்டிருக்கிறாய். ஏழு என்ன? ஏழு பேரா, ஏழு பெட்டியா? யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

நோயாளிகளைப் பார்க்கப் போனேன். பழைய படகுத் தலைவர் ஹென்னிங் ஊசி குத்திய கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதான் புதுசா வந்தவளா? இருந்த பொண்ண நல்லா மென்னு துப்பிட்டீங்க. உன்ன எப்பத் துப்புவாங்களாம்?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே தணிந்த குரலில், "இங்க பாரு, திங்கள், புதன், வெள்ளி. ஒரு நாள் தவறினா எனக்குக் கால் வீங்கும், ரெண்டு நாள் தவறினா மூச்சு முட்டும். உங்க படம், கோடு, கட்டம் எல்லாத்துலயும் இத மொதல்ல எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். இனி மாதம் ஒருமுறை நம் கூட்டத்துக்கு அவரும் வரப்போகிறார்.

பெரிய பதிலெல்லாம் வேண்டாம். முடிந்தால் அந்த ஏழு என்னவென்று மட்டும் ஒரு வார்த்தை எழுது. முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். தூக்கம் வரும்போதெல்லாம் தூங்கு.

அன்புடன்,
தூருன்


ஸ்டைன்வோக்,
மார்ச் 20

அன்புள்ள இங்வில்,

உன் அட்டை வந்தது. முன்னால் ஆட்டுக்குட்டி, பின்னால் ஒரே வார்த்தை: "தண்ணீர்." உன் கையெழுத்து நடுங்காமல் நேராக இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் லெஷெக்கிடம் போனேன். போலந்துக்காரர்கள் எல்லாருமே இப்படிப் பொறுமைசாலிகளா, இவர் மட்டும்தானா தெரியவில்லை. என்னை நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்யும்போது நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அவர் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது, நடுவில் மெல்லிய சவ்வு மட்டும்தான். "நாம குடிக்கற தண்ணியில கிருமி இருந்தா வயிறு பாத்துக்கும். இங்க வயிறே கிடையாது" என்றார். அதனால் புதுக் குழாய்களைக் கழுவி, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் வைத்து, ஏதாவது முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏழு நாள். பத்துப் பேரை நிறுத்தினாலும் ஏழு நாள்தான், இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தாலும் ஏழு நாள்தான். நம் சுவரில் ஆட்களைக் கூட்டியும் குறுக்க முடியாத ஒரே சீட்டு அதுதான்.

இனி எழுதப்போவது கஷ்டமான பகுதி. பாதியில் நிறுத்திவிடுவேனோ என்று பயந்து அடுப்பில் காபியைக்கூட வைக்காமல் எழுதுகிறேன்.

ஜெர்மனியிலிருந்து வந்த வால்வுகள் அளவு மாறி வந்துவிட்டன. திருப்பி அனுப்பி வாங்கியதில் ஒன்பது நாள் போனது. கணக்குப் போட்டால் தண்ணீர் மாதிரி ஏப்ரல் பத்தாம் தேதிதான் எடுக்க முடியும், முடிவு பதினேழாம் தேதி. நோயாளிகளை மாற்றுவதோ பன்னிரண்டாம் தேதி ஞாயிறு. மறுநாள் அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுகிறார். நீ முதலில் போட்ட திட்டத்தில் இரண்டு வாரம் உபரியாக வைத்திருந்தாய். அது இருந்திருந்தால் இந்த ஒன்பது நாளும் சத்தமில்லாமல் அதற்குள் அடங்கியிருக்கும். அந்த இரண்டு வாரம் நவம்பர் கூட்டத்தில் எப்படிப் போனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பியோர்ன் அதை வெட்டியபோது நீ, "அது சோம்பேறித்தனத்துக்கு வெச்ச நாள் இல்ல, ஏதாவது தப்பாப் போனா தாங்கறதுக்கு வெச்சது" என்று சொன்னாய். யாரும் பேசவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். வால்வு எங்கிருந்து வருகிறது, எத்தனை முறை தாமதமாக வந்திருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் என் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் அதே மேசை, நீ உட்கார்ந்த நாற்காலியில் நான். ஆஸ்பியோர்ன், "மாதிரி எடுத்தாச்சுன்னா போதும், மாத்திரலாம். முடிவு பின்னாடி வரட்டும். அமைச்சர் வர்ற தேதிய என்னால மாத்த முடியாது" என்றார். முடியாது என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "முடியாது. முடிவு கைக்கு வராம ஒரு நோயாளியயும் அங்க படுக்க வைக்க மாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நம்ம தேதி தவறினதுக்கு யார் காரணம்னு எழுதறது? உன் பேர எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க. கடைசில ரெண்டு 'n' வரும், ஒண்ண விட்டுறாதீங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று இப்போதும் தெரியவில்லை. 

வெறும் முடியாது என்று போய் நின்றிருந்தால் என்னையும் துடைத்து எறிந்திருப்பார். ஒரு தாள் கொண்டு போயிருந்தேன். பதிமூன்றாம் தேதி அமைச்சர் வரட்டும், ரிப்பன் வெட்டட்டும், காலி நாற்காலிகளைப் பார்க்கட்டும். நோயாளிகளை இருபத்தாறாம் தேதி ஞாயிறு மாற்றுவோம். அதுவரை பழைய பிரிவு வழக்கம்போல் ஓடும். இதில் எது தவறினால் என்ன செய்வோம் என்று கீழே நான்கு வரி. ஆஸ்பியோர்ன் தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போடில் வாயைத் திறந்தாள். "நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி. ஆய்வகத் தாள் இல்லாம என் ஆளுங்க யாரும் ஊசியத் தொட மாட்டாங்க." கூட்டத்துக்கு வந்திருந்த ஹென்னிங் மேசையை இரண்டு தட்டு தட்டினார். "நான் எத்தனையோ தடவ மூடுபனியில படகக் கட்டிப் போட்டிருக்கேன். திட்டினவன் எல்லாம் உயிரோடதான் வீட்டுக்குப் போயிருக்கான்" என்றார்.

ஆஸ்பியோர்ன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, இருபத்தாறு" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, உறைக்கவே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தேன். அதன் பிறகுதான் நினைத்துக்கொண்டேன், எனக்குத் துணையாக இரண்டு குரல் வந்தது, உனக்கு ஒன்றுகூட வரவில்லை. வந்திருக்க வேண்டியது என் குரல்.

இதற்குப் பதில் எழுதாதே. உன் அண்ணனிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னாலும் சரிதான்.

உன் உடம்பு தேற வேண்டிக்கொள்ளும்,
தூருன்


ஸ்டைன்வோக்,
மே 11, திங்கள், மதியம்

அன்புள்ள இங்வில்,

முடிந்தது! முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பதினொரு பேர் இன்று காலை புது இடத்தில் டயாலிசிஸ் முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இருபத்தாறாம் தேதி இல்லையா என்று கேட்பாய். இல்லை. கேள்.

அமைச்சர் வந்தார், வெட்டினார், போனார். ஹென்னிங் கோட்டும் டையுமாக வந்து, "உக்காந்து பாக்கறீங்களா? ஊசி மட்டும்தான் பாக்கி" என்று அவரைக் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்.

பதினேழாம் தேதி ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. கிருமி, அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு. நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ஆஸ்பியோர்ன் என் அறைக்கு வந்தார். வாங்கி இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தினார்.

"பன்னெண்டாம் தேதியே மாத்தியிருந்தா?"

"இன்னைக்கு வரைக்கும் எல்லாருக்கும் இந்தத் தண்ணிதான் ஓடியிருக்கும்."

உட்கார்ந்தார்.  "நவம்பர்ல இங்வில் இதத்தானே சொன்னா" என்றார். ஆமாம் என்றேன். "நான் கேக்கல" என்றார். "நாங்க யாருமே கேக்கல" என்றேன். உனக்கு எழுதலாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம், அவளே கேட்கும்போது எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் மன்னித்துக்கொள்.

கிருமி எங்கிருந்து வந்தது தெரியுமா? என்னிடமிருந்து. பிப்ரவரியில் போடில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட முடியுமா, கடல் தெரிந்தால் நான்கு மணி நேரம் படுத்திருப்பவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றாள். ஓ, தாராளமா என்றேன். குழாய்க்காரரிடம் போகிற போக்கில் சொன்னேன். அவரும் நல்ல மனிதர், புது இணைப்புக் கொடுத்துவிட்டுப் பழைய இணைப்பை மூடிவிட்டுப் போனார். யாரும் எங்கும் எழுதவில்லை. மூடிய அந்தக் குழாய்த் துண்டில் தண்ணீர் அசையாமல் நின்று கெட்டுக்கொண்டிருந்தது. லெஷெக் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக எண்ணிக்கொண்டே நடந்தார். படத்தில் பதினொரு இணைப்பு, சுவரில் பன்னிரண்டு.

கூட்டத்தில் எழுந்து, இது என்னால் வந்தது என்று சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. லெஷெக், "நல்லது, இப்ப எங்க வெட்டணும்னு தெரிஞ்சிருச்சு" என்றார், அவ்வளவுதான். அன்று முதல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அதில் எழுதி, இது வேறு எதையெல்லாம் தொடும் என்று மூன்று பேரைக் கேட்ட பிறகுதான் சரி சொல்கிறேன். போடில் என்னைக் காபி இயந்திரத்தருகே கண்டாலே, "நான் ஒண்ணும் கேக்கல தாயே, காபிதான் குடிக்கறேன்" என்று கையைத் தூக்குகிறாள். ஆனால் அந்த நாற்காலி ஜன்னலோரம்தான் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

குழாய்த் துண்டை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி கழுவி, மறுபடி மாதிரி எடுத்து, மறுபடி காத்திருந்தோம். காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்று அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன். மே ஐந்தாம் தேதி சுத்தமான தாள் வந்தது. லெஷெக் அதை என் மேசையில் வைத்துவிட்டு, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கடைசி நோயாளி எழுந்ததும் இயந்திரங்களைக் கழற்றிப் புது இடத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தோம். ஞாயிறு பகல் மூன்று மணி என்று ஒரு நேரம் குறித்திருந்தேன். அந்த நேரத்துக்குள் போடில், லெஷெக், நான் மூவரும் சரி என்றால் மேலே போவது. ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்டுச் சண்டை போடாமல் பின்வாங்குவது. பழைய பிரிவில் தண்ணீரை நிறுத்தாமல் வைத்திருந்தோம். பக்கத்து நகர ஆஸ்பத்திரியும் திங்களன்று பதினொரு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. இரண்டே முக்காலுக்கு எட்டாவது இயந்திரம் அலறிக்கொண்டே இருந்தது. லெஷெக் தரையில் படுத்துப் பின்னால் ஏதோ திருகினார், அலறல் நின்றது. மூன்று மணிக்கு மூன்று பேரும் சரி என்றோம். திரும்பிப் போகவும் வழி இருக்கிறது என்று தெரிந்ததால் அந்தச் சரியைப் பயமில்லாமல் சொல்ல முடிந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு ஹென்னிங்தான் முதல் ஆள். படுத்தார். போடில் ஊசி போட்டாள். இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் நான்கைந்து பேர் சுவரோரம் வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என்ன, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? போய் வேலையப் பாருங்க" என்று விரட்டினார். பிறகு நான்கு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவர் தூங்கினார், ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டார், ஒருவர் கடலைப் பார்த்தார். ஒன்றுமே நடக்காத அந்த நான்கு மணி நேரம் போல் அழகான காலையை நான் பார்த்ததில்லை. துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தேன். போடில் எனக்கு முன்பே உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

எல்லாரும் போன பிறகு, பன்னிரண்டு மணிக்கு, வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்து ஒரு சின்னக் கூட்டம் போட்டோம். அடுத்த முறை எதை மாற்றிச் செய்வோம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி வாசிக்க வேண்டும். பெரும்பாலும் குழாய், வால்வு என்றே இருந்தது. என் முறை வந்ததும் எழுந்து வாசித்தேன்: "ஒருத்தி தனியா முடியாதுன்னு சொல்லும்போது, பக்கத்துல இருக்கறவ வாயத் திறக்கணும்." யாரைச் சொல்கிறேன் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பியோர்ன் வாஃபிளைத் தட்டில் வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அந்த வரியை அறிக்கையில் முதலில் சேர்த்திருக்கிறோம், உன் பெயரோடு. திட்டப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நம் இருவர் பெயரும் இருக்கிறது, உன்னுடையது மேலே.

ஸ்வெர்ரெ சொன்னார், நீ இப்போது தினமும் கரை வரை நடந்து போய் வருகிறாயாம், சில நாள் பாதியிலேயே திரும்பிவிடுகிறாயாம். பாதியில் திரும்பினால் என்ன? இங்கே சிலர் நீ எப்போது வேலைக்கு வருவாய் என்று என்னைக் கேட்கிறார்கள். உன்னையும் கேட்பார்கள், நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. உன்மேல் எந்தத் தேதியும் ஏறாமல் இருக்கட்டும். வெயில் வரட்டும், ஆடுகள் மேயட்டும், பசிக்கும்போது பசிக்கட்டும். யாராவது நாள் குறிக்கச் சொன்னால் என்னிடம் அனுப்பிவிடு. எனக்கு இப்போது முடியாது என்று சொல்ல வருகிறது.

உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
தூருன்